எக்ஸ்எஸ்எல்டி: ஆவணத்தின் வகைக்கு ஏற்ப ஸ்டைல்ஷீட்டைத் தேர்ந்து சேர்க்க முடியுமா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எக்ஸ்எம்எல் ஆவணங்களை, அவற்றை வேறு வடிவுக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி கொண்டு வலைப்பக்கங்களாக மாற்றும் பணியில் ஈடுபட்டிருக்கிறேன். இப்போதைக்கு ஆவணங்கள் கட்டுரை, கையேடு, அகராதி என்று மூன்று வகைப்படும். எந்த ஆவணம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அதன் வேர் உறுப்பில் உள்ள ‘வகை’ என்னும் பண்புக்கூறு தெரிவிக்கும். பக்கத்தின் தலைப்பகுதி, உள்ளடக்கப் பட்டியல், அட்டவணை, அடிக்குறிப்பு ஆகியவற்றுக்கான டெம்ப்ளேட்டுகள் (ஓர் உறுப்பை எப்படி மாற்றுவது என்று சொல்லும் விதிகள்) எல்லா வகைக்கும் பொதுவானவை என்பதால், அவற்றை ‘பொது’ என்ற ஒரே ஸ்டைல்ஷீட்டில், அதாவது எக்ஸ்எஸ்எல்டி கோப்பில், வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வகைக்கும் உரிய தனி டெம்ப்ளேட்டுகள் அந்தந்த வகையின் பெயரில் உள்ள கோப்பில் இருக்கின்றன.

‘பொது’ கோப்பு ஆவணத்தின் வகையைப் பார்த்து, அதற்குரிய கோப்பை மட்டும் தன்னோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே என் எண்ணம். இதற்காக, வேறொரு கோப்பைச் சேர்க்கும் இன்க்ளூட் உறுப்பில், அக்கோப்பின் முகவரியைச் சொல்லும் ஹெச்ரெஃப் பண்புக்கூற்றில் நெளிவு அடைப்புக்குறிக்குள் ஒரு மாறியைக் கொடுத்துப் பார்த்தேன். மாற்றத்தைச் செய்யும் மென்பொருளான ப்ராசஸர் அந்த மாறியின் மதிப்பை எடுத்துக்கொள்ளாமல், அடைப்புக்குறியும் டாலர் குறியும் சேர்ந்த அதே எழுத்துகளைக் கோப்பின் பெயராகக் கருதி, அப்படி ஒரு கோப்பு இல்லை என்கிறது. நிபந்தனைக்கேற்பத் தேர்வு செய்யும் சூஸ் உறுப்பின் வென் கிளைக்குள் இன்க்ளூடை வைத்தபோதோ, அந்த உறுப்புக்கு அங்கே இடமில்லை என்று பிழை வருகிறது. கோப்பைச் சேர்க்கும் மற்றோர் உறுப்பான இம்போர்ட்டைக் கொண்டு மூன்று கோப்புகளையும் இம்போர்ட் செய்தால் பிழை எதுவும் வரவில்லை, ஆனால் கட்டுரைக்கு அகராதியின் தலைப்பு டெம்ப்ளேட் வந்து அமர்ந்துவிடுகிறது.

சர்வரில் ஜாவாவையும் அதனுடன் வரும் எக்ஸ்எஸ்எல்டி 1.0 ப்ராசஸரையும் பயன்படுத்துகிறேன். வகைகள் இனியும் கூடும். ஒவ்வொரு முறையும் ‘பொது’ கோப்பைத் திருத்தாமல் இருக்க வழி உண்டா?

குறிமுறை எழுதியது:

வணக்கம். நீங்கள் கேட்டபடி, மாறியின் மதிப்பைக் கொண்டு இன்க்ளூட் செய்ய எக்ஸ்எஸ்எல்டி 1.0 இடம் தருவதில்லை. இது ப்ராசஸரின் குறையன்று. 1999 நவம்பரில் வெளிவந்த விதிமுறையே அப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. காரணம் தெரிந்துவிட்டால் மாற்றுவழியும் எளிதில் புலப்படும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ப்ராசஸர் தன் வேலையை இரண்டு கட்டங்களாகச் செய்கிறது. முதற்கட்டத்தில் ஸ்டைல்ஷீட்டைப் படித்து, இன்க்ளூட், இம்போர்ட் உறுப்புகள் காட்டும் கோப்புகளை எல்லாம் கொண்டுவந்து இணைத்து, முழுவதையும் கம்பைல் செய்துவிடுகிறது, அதாவது இயக்கத்தக்க வடிவுக்கு மாற்றிவிடுகிறது. ஆவணத்தைத் தொடுவது இரண்டாம் கட்டத்தில்தான். ஒருமுறை கம்பைல் செய்த ஸ்டைல்ஷீட்டை ஆயிரம் ஆவணங்களுக்குப் பயன்படுத்தலாம் என்னும்போது, அவற்றில் எந்த ஆவணத்தின் வகையைப் பார்த்து முதற்கட்டத்தில் கோப்பைத் தேர்ந்தெடுப்பது? மாறிகளும், வெளியிலிருந்து கொடுக்கும் பாராமீட்டர்களும் இரண்டாம் கட்டத்தில்தான் மதிப்புப் பெறுகின்றன. அதனால்தான் ஹெச்ரெஃப் மாறாத முகவரியாக இருக்க வேண்டும் என்றும், இவ்விரு உறுப்புகளும் ஸ்டைல்ஷீட்டின் மேல்மட்டத்தில் மட்டுமே வரலாம் என்றும் விதி இருக்கிறது. உங்களுக்கு வந்த முதல் இரண்டு பிழைகளுக்கும் காரணம் இதுவே.

மூன்றாவதாக நீங்கள் கண்டது இம்போர்ட்டின் முன்னுரிமை விதியால் நேர்வது. இம்போர்ட் செய்யும் கோப்பு, இம்போர்ட் செய்யப்படும் கோப்பைவிட முன்னுரிமை உடையது. ஒரே கோப்பு பலவற்றை வரிசையாக இம்போர்ட் செய்தால், பின்னால் வருவது முன்னால் வந்ததை வெல்லும். நீங்கள் ‘அகராதி’யைக் கடைசியில் இம்போர்ட் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இந்த விதியிலேயே உங்களுக்கான தீர்வும் இருக்கிறது. ‘பொது’ கோப்பு வகைக்கோப்பைத் தேடிச் சேர்க்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, திசையைத் திருப்புங்கள். ‘கட்டுரை’ கோப்பு தன் முதல் வரியில் ‘பொது’வை இம்போர்ட் செய்யட்டும், ‘கையேடு’, ‘அகராதி’ ஆகியனவும் அவ்வாறே செய்யட்டும். ப்ராசஸரிடம் ‘பொது’வைக் கொடுக்காமல் வகைக்கோப்பைக் கொடுங்கள். அப்போது தேர்வு என்பது ஜாவாப் பகுதியில், எந்தக் கோப்பைக் கம்பைல் செய்யலாம் என்ற ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடும். புதிய வகை வந்தால் புதிய கோப்பு ஒன்றை எழுதினால் போதும், ‘பொது’வில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

முன்னுரிமையும் நாம் விரும்பும் திசைக்கே வந்துவிடுகிறது என்பதுதான் இம்முறையில் எனக்கு மிகவும் பிடித்தது. ‘பொது’ வகைக்கோப்பை இம்போர்ட் செய்தால், இருவரிடமும் ஒரே உறுப்புக்கு டெம்ப்ளேட் இருக்கும்போது ‘பொது’வே வெல்லும், அதாவது சிறப்பு விதியைப் பொது விதி மறைத்துவிடும். திசையைத் திருப்பினால் சிறப்பு விதி வெல்லும். அது இல்லாத இடத்தில் பொது விதி நிற்கும். வகைக்கோப்பின் டெம்ப்ளேட் பொது விதியை முழுவதும் புறக்கணிக்க விரும்பாமல், அதன் விளைவைச் சுற்றி ஓர் உறையை மட்டும் இட விரும்பினால், அப்ளை-இம்போர்ட்ஸ் உறுப்பால் பொது விதியை உள்ளிருந்தே அழைத்துக்கொள்ளலாம். பெயரிட்ட டெம்ப்ளேட்டுகளுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். ‘பக்கத்தலைப்பு’ என்று ஒரு வெறும் டெம்ப்ளேட்டைப் ‘பொது’வில் வைத்து, உரிய இடத்தில் அதை அழைத்துவிடுங்கள். எந்த வகைக்குத் தேவையோ அந்தக் கோப்பு அதே பெயரில் தன் டெம்ப்ளேட்டை எழுதிக்கொள்ளட்டும். இன்க்ளூடில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் பிழை. இம்போர்ட்டில் முன்னுரிமை வேறுபடுவதால் அது முறையான மேலெழுதல்.

ஜாவாவில் வகையை அறிய முழு ஆவணத்தையும் முன்கூட்டியே படிக்க வேண்டியதில்லை. ஆவணத்தைச் சிறிது சிறிதாகப் படிக்கும் ஸ்டாக்ஸ் ரீடரைக் கொண்டு முதல் தொடக்கக் குறிச்சொல் வரை சென்று, பண்புக்கூற்றைப் படித்து நிறுத்திவிடலாம். கம்பைல் செய்து கிடைக்கும் ‘டெம்ப்ளேட்ஸ்’ பொருளை வகையின் பெயரோடு நினைவகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பல திரெட்டுகள் (இணையாக இயங்கும் நிரல் இழைகள்) ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளலாம். அதிலிருந்து உருவாகும் ‘ட்ரான்ஸ்ஃபார்மர்’ பொருளை அப்படிப் பகிரக் கூடாது. கோரிக்கைக்கு ஒன்றாக உருவாக்க வேண்டும்.

எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு, வகைக்கு ஒரு மோடு (ஒரே உறுப்பை வெவ்வேறு விதமாகக் கையாள டெம்ப்ளேட்டுக்கு இடும் அடையாளப் பெயர்) என்று பிரித்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. 2.0 பதிப்பில் ஒரே டெம்ப்ளேட்டைப் பல மோடுகளுக்கு உரியதாக அறிவிக்க முடியும் என்பதால் அங்கே அது ஓரளவு ஏற்கத்தக்கது. 1.0 பதிப்பில் ஒரு டெம்ப்ளேட்டுக்கு ஒரு மோடுதான். பொது டெம்ப்ளேட்டுகளை எல்லாம் மோடுக்கு ஒரு படி எழுத நேரும். அந்த வழியை நான் பரிந்துரைக்கவில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மிக்க நன்றி, குறிமுறை அவர்களே. கட்டுரை, அகராதி இரண்டையும் நீங்கள் சொன்னபடி மாற்றிப் பார்த்தேன். எதிர்பார்த்தபடியே வேலை செய்கிறது. ஆனால் எனக்கு இன்னொரு தேவையும் இருக்கிறது. இதே ஆவணங்கள் இரண்டு வேறு தளங்களில் வெளியாகின்றன. தளத்துக்குத் தளம் பக்கத்தின் சட்டகமும் வழிசெலுத்தும் பட்டியலும் மாறும். மூன்று வகைகளையும் இரண்டு தளங்களையும் இணைத்தால் ஆறு கோப்புகள் எழுத வேண்டியிருக்கும். வகைகள் கூடக்கூட அந்த எண்ணிக்கையும் பெருகும். இதைத் தவிர்க்க முடியுமா?

நெடுவழி எழுதியது:

ஆறு கோப்புகளையும் கையால் எழுத வேண்டாம். கோரிக்கை வரும்போது, வகைக்கோப்பு ஒன்றையும் தளக்கோப்பு ஒன்றையும் வரிசையாக இம்போர்ட் செய்வதைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு சிறு ஸ்டைல்ஷீட்டை நினைவகத்திலேயே சரமாக (எழுத்துத் தொடராக) உருவாக்கி, அதைக் கம்பைல் செய்யக் கொடுங்கள். எக்ஸ்எஸ்எல்டி 1.0 பதிப்பில் இயக்க நேரத் தேர்வுக்கு மிக அருகில் வருவது இந்த முறைதான். பலரும் இதைத் தயக்கத்தோடு அணுகுவதைப் பார்த்திருக்கிறேன். எக்ஸ்எஸ்எல்டி ஸ்டைல்ஷீட் என்பதே ஓர் எக்ஸ்எம்எல் ஆவணம் ஆகையால், அதை நிரல்வழி உருவாக்குவதில் முறைகேடு எதுவும் இல்லை. ஆயினும் சில இடங்களில் கவனம் தேவை.

நினைவகத்தில் பிறந்த ஸ்டைல்ஷீட்டுக்கு முகவரி கிடையாது. அதிலுள்ள சார்பு முகவரிகளை எதைச் சார்ந்து தீர்ப்பது என்று ப்ராசஸருக்குத் தெரியாது. ஆகவே அதைக் கொடுக்கும்போதே, ஸ்டைல்ஷீட் கோப்புகள் இருக்கும் அடைவுக்குள் அமைந்த ஒரு முகவரியை அதன் சிஸ்டம் ஐடியாக அமைத்துவிடுங்கள். அப்படி ஒரு கோப்பு உண்மையில் இருக்க வேண்டியதில்லை.

அடுத்தது இன்னும் நுட்பமானது. குறிமுறை அவர்கள் சொன்ன அப்ளை-இம்போர்ட்ஸ், தான் எழுதப்பட்டிருக்கும் ஸ்டைல்ஷீட் எவற்றை இம்போர்ட் செய்ததோ அவற்றுக்குள் மட்டுமே தேடும். உருவாக்கப்பட்ட சிறு ஸ்டைல்ஷீட்டில் ‘பொது’, வகை, தளம் மூன்றையும் உடன்பிறப்புகள்போல் அடுத்தடுத்து இம்போர்ட் செய்தால், வகைக்கோப்பில் உள்ள அப்ளை-இம்போர்ட்ஸுக்குப் ‘பொது’ கண்ணில் படாது. அது மொழியின் உள்ளமைந்த விதிக்குப் போய்விடும், உறுப்பின் உள்ளடக்கம் வெளிவரும், ஆனால் பொது விதி இட வேண்டிய குறிச்சொற்கள் காணாமற்போகும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே வகைக்கோப்பு ‘பொது’வை இம்போர்ட் செய்யும் இப்போதைய அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, சிறு ஸ்டைல்ஷீட்டில் வகையையும் அதன் பின் தளத்தையும் மட்டும் சொல்லுங்கள்.

அப்படியானால் தளக்கோப்பும் தனக்காகப் ‘பொது’வை இம்போர்ட் செய்யலாமா என்று கேட்டால், கூடவே கூடாது என்பேன். ஒரே கோப்பை இரண்டு இடங்களில் இம்போர்ட் செய்ய விதி தடை சொல்வதில்லை. ஆனால் அப்போது அதன் இரண்டு படிகள் உருவாகின்றன. முன்னுரிமை ஏறும் வரிசை: ‘பொது’வின் முதற்படி, வகை, ‘பொது’வின் இரண்டாம் படி, தளம், எல்லாவற்றுக்கும் மேலே சிறு ஸ்டைல்ஷீட். ‘பொது’வின் இரண்டாம் படி வகைக்கோப்புக்கு மேலே வந்துவிடுவதைக் கவனியுங்கள். இரண்டிலும் உள்ள விதிகளில் வகைக்கோப்பின் சிறப்பு விதி ஒன்றுகூட நிலைக்காது. தளக்கோப்பு எதையும் இம்போர்ட் செய்யாமல், சட்டகத்துக்கும் வழிசெலுத்தலுக்கும் உரிய பெயரிட்ட டெம்ப்ளேட்டுகளை மட்டும் மேலெழுதுவதாக இருக்கட்டும்.

சரமாக உருவாக்குவதை விரும்பாதவர்களுக்கு யூஆர்ஐ ரிசால்வர் என்ற வழியும் இருக்கிறது. ஹெச்ரெஃபில் ஒரு கற்பனை முகவரியை நிலையாக எழுதிவிட்டு, அந்த முகவரி கேட்கப்படும்போது எந்தக் கோப்பைத் தருவது என்பதை ஜாவாப் பகுதி முடிவு செய்யும். இதில் ரிசால்வரை, கம்பைல் செய்யும் பொருளான ட்ரான்ஸ்ஃபார்மர் ஃபேக்டரியில் பொருத்த வேண்டும். ட்ரான்ஸ்ஃபார்மரில் பொருத்தினால், வேறு ஆவணங்களைப் படிக்கும் டாக்குமென்ட் செயற்கூறுக்கு மட்டுமே அது பயன்படும், ஏனெனில் அதற்குள் கம்பைல் முடிந்துவிட்டிருக்கும். ஃபேக்டரியைப் பல திரெட்டுகள் பகிர்வது பாதுகாப்பானதாக உறுதியளிக்கப்படவில்லை என்பதால், கம்பைல் செய்யும்போதெல்லாம் தனி ஃபேக்டரியை உருவாக்குவது நல்லது. உங்கள் தேவைக்குச் சிறு ஸ்டைல்ஷீட் முறையே போதும் என்பது என் கருத்து. படிப்பவருக்கு என்ன நடக்கிறது என்பது அதில் வெளிப்படையாகத் தெரிகிறது.

எந்த முறையானாலும், கோரிக்கையில் வரும் தளத்தின் பெயரையோ ஆவணத்தில் உள்ள வகையின் பெயரையோ அப்படியே கோப்புப் பாதையில் ஒட்டிவிடாதீர்கள். மேலடைவுக்குப் போகும் புள்ளிகளும் சாய்கோடுகளும் அதில் இருக்கலாம், தொலைவில் உள்ள முகவரி ஒன்றும் இருக்கலாம். எக்ஸ்எஸ்எல்டி நிரல்மொழி ஆகையால், அயலாரின் ஸ்டைல்ஷீட்டை இயக்குவது அயலாரின் நிரலை இயக்குவதற்குச் சமம். அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியல் ஒன்றை வைத்து, அதில் இருந்தால் மட்டும் அதற்குரிய பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவகத்தில் சேமிக்கும்போது வகை, தளம் இரண்டும் சேர்ந்த பெயரே சாவியாக இருக்க வேண்டும்.

அகரவரிசை எழுதியது:

மேலே சொன்னவை 1.0 பதிப்புக்கு முற்றிலும் சரி. ப்ராசஸரை மாற்ற வாய்ப்பு இருந்தால், 2017 ஜூனில் வெளியான எக்ஸ்எஸ்எல்டி 3.0 பதிப்பையும் எண்ணிப் பாருங்கள். ஜாவாவில் சாக்ஸன் என்னும் ப்ராசஸர் அதை ஆதரிக்கிறது. நீங்கள் முதலில் எழுத முயன்றதற்கு ஏறக்குறைய அதே வடிவத்தில் ஒரு வழி அதில் இருக்கிறது.

பாராமீட்டரை அறிவிக்கும்போது ஸ்டாட்டிக் என்ற பண்புக்கூற்றுக்கு யெஸ் (ஆம்) என்ற மதிப்பைக் கொடுத்தால், அது கம்பைல் நேரத்திலேயே மதிப்புப் பெறும் பாராமீட்டர் ஆகிவிடும். பிறகு இம்போர்ட் உறுப்பில் ஹெச்ரெஃப் என்பதற்கு முன்னால் ஓர் அடிக்கோட்டை இட்டு எழுதினால், அதன் மதிப்பில் நெளிவு அடைப்புக்குறிக்குள் அந்தப் பாராமீட்டரைப் பயன்படுத்தலாம். கம்பைலர் முதலில் அடைப்புக்குறியைத் தீர்த்து, கிடைத்த மதிப்பை உண்மையான ஹெச்ரெஃபாக எடுத்துக்கொள்ளும். பாராமீட்டரின் அறிவிப்பு, அது பயன்படும் இடத்துக்கு முன்னால் வர வேண்டும். இம்போர்ட் எல்லா அறிவிப்புகளுக்கும் முன்னால் வந்தாக வேண்டும் என்ற பழைய விதி 3.0 பதிப்பில் தளர்த்தப்பட்டிருப்பதால் இது இயலுகிறது. சேர்ப்பதா வேண்டாமா என்பது மட்டுமே கேள்வியானால், யூஸ்-வென் என்ற பண்புக்கூற்றில் நிபந்தனையை எழுதினால் போதும்.

இவையும் கம்பைல் நேரத்துக்கு உரியவையே என்பதை மறக்க வேண்டாம். மதிப்பு மாறினால் மீண்டும் கம்பைல் செய்ய வேண்டும், ஆவணத்தின் உள்ளடக்கத்தை அந்த நிலையில் பார்க்கவும் முடியாது. சரத்தை ஒட்டி ஸ்டைல்ஷீட் உருவாக்கும் வேலை மிச்சமாகிறது என்பதே இதன் பயன்.

ஆவணத்தைப் பார்த்த பிறகே ஸ்டைல்ஷீட்டைத் தேர்வது உண்மையிலேயே தேவைப்பட்டால், அதற்கென ட்ரான்ஸ்ஃபார்ம் என்னும் செயற்கூறு இருக்கிறது. ஸ்டைல்ஷீட்டின் முகவரியையும் மாற்ற வேண்டிய கணுவையும் (ஆவணப் பகுதியையும்) ஒரு மேப்பாக, அதாவது பெயர்-மதிப்பு இணைகளின் தொகுப்பாக, கொடுத்தால், விளைவும் ஒரு மேப்பாகத் திரும்பி வரும். ஒரு கையேட்டின் நடுவில் அகராதிப் பகுதி ஒன்று பொதிந்திருக்கிறது, அதற்கு மட்டும் அகராதியின் ஸ்டைல்ஷீட்டைச் செலுத்த வேண்டும் என்பது போன்ற நிலைமைகளுக்கு இது மிகப் பொருத்தம். ஆனால் இங்கே எதுவும் சேர்க்கப்படுவதில்லை. அழைக்கப்படும் ஸ்டைல்ஷீட் தனி உலகமாக இயங்குகிறது. அழைப்பவரின் டெம்ப்ளேட்டுகள், மாறிகள், கீ அறிவிப்புகள் எவையும் அதற்குத் தெரியாது, தேவையானவற்றைப் பாராமீட்டராகவே அனுப்ப வேண்டும். பொது விதியைச் சிறப்பு விதி மேலெழுத வேண்டும் என்ற உங்கள் தேவைக்கு, குறிமுறை அவர்கள் காட்டிய இம்போர்ட் திசையே 3.0 பதிப்பிலும் சரியான அடித்தளம். 2.0 பதிப்பு முதலே உள்ள நெக்ஸ்ட்-மேட்ச் உறுப்பு, தன் கோப்பு இம்போர்ட் செய்தவற்றோடு நில்லாமல், முன்னுரிமை குறைந்த எல்லா விதிகளிலும் அடுத்ததைத் தேடுவதால், நெடுவழி அவர்கள் குறிப்பிட்ட உடன்பிறப்புச் சிக்கலும் அங்கே எழாது.

குறிமுறை எழுதியது:

இரண்டு தளங்களின் வேறுபாடு எத்தகையது என்பதை ஒருமுறை பிரித்துப் பாருங்கள் என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். நிறம், எழுத்துரு, பத்திகளின் அமைவிடம் போன்றவைதான் மாறுகின்றன என்றால், அதற்குத் தனி எக்ஸ்எஸ்எல்டி கோப்பே வேண்டாம். வெளியீட்டில் எழுதும் ஹெச்டிஎம்எல் லிங்க் உறுப்பின் ஹெச்ரெஃபில் நெளிவு அடைப்புக்குறியை இட்டு, தளத்தின் பாராமீட்டரை வைத்து, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் கோப்பின் பெயரை அமைத்துவிடலாம். அந்த உறுப்பு விளைவின் பகுதி, இரண்டாம் கட்டத்தில் உருவாவது. ஆகவே இன்க்ளூடில் மறுக்கப்பட்ட அதே எழுத்துமுறை அங்கே 1.0 பதிப்பிலும் முறையாக வேலை செய்யும். பக்கத்தின் கட்டமைப்பு மாறும் இடங்களுக்கு மட்டும் தளக்கோப்பை ஒதுக்குங்கள்.

இன்னொன்று. மாற்றத்தைச் சர்வரில் செய்கிறீர்கள் என்பது நல்லது. ஆவணத்தின் தலையில் எக்ஸ்எம்எல்-ஸ்டைல்ஷீட் என்ற கட்டளையை எழுதி, மாற்றும் வேலையை உலாவியிடம் ஒப்படைப்பவர்களும் உண்டு. உலாவிகள் 1.0 பதிப்பைத் தாண்டவே இல்லை. 2025ஆம் ஆண்டில் குரோம் தன்னிடம் உள்ள எக்ஸ்எஸ்எல்டி ஆதரவை நீக்கப்போவதாகவும் அறிவித்துவிட்டது. புதிதாகத் தொடங்கும் பணியை அந்த வழியில் அமைப்பது இனிப் பொருத்தமன்று.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பிரித்துப் பார்த்ததில், தளங்களுக்கிடையே பெரும்பாலான வேறுபாடுகள் சிஎஸ்எஸுக்குள் அடங்கிவிடுகின்றன. சட்டகமும் வழிசெலுத்தலும் மட்டுமே பெயரிட்ட டெம்ப்ளேட்டுகளாக மிஞ்சுகின்றன. ஆகவே வகைக்கோப்புகள் ‘பொது’வை இம்போர்ட் செய்ய, நினைவகத்தில் உருவாகும் சிறு ஸ்டைல்ஷீட் வகையையும் தளத்தையும் இணைக்கும் அமைப்பையே மேற்கொள்கிறேன். என் தளக்கோப்பு ஒன்றில் ‘பொது’வின் இம்போர்ட் இருந்தது, அதை நீக்கியவுடன் அகராதியின் தலைச்சொல் விதி சரியாக வெளிப்பட்டது. ஒரே ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. வகைக்கோப்பில் பிழை இருந்தால், அந்த வகையின் முதல் ஆவணம் கேட்கப்படும் வரை அது தெரியாமலே இருக்குமே?

நெடுவழி எழுதியது:

ஆம், தேவைப்படும்போது மட்டும் கம்பைல் செய்தால் அப்படித்தான் ஆகும். அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியல் உங்களிடம் இருக்குமாகையால், சர்வர் தொடங்கும்போதே எல்லா வகை, தள இணைகளையும் ஒருமுறை கம்பைல் செய்து நினைவகத்தில் வைத்துவிடுங்கள். எண்ணிக்கை குறைவு என்பதால் தொடங்கும் நேரம் அதிகம் நீளாது. ஏதேனும் ஒரு இணை கம்பைல் ஆகாவிட்டால், எந்த வகை, எந்தத் தளம் என்பதைப் பதிவேட்டில் எழுதி, சர்வரைத் தொடங்கவிடாமல் நிறுத்திவிடுங்கள். பிழைகளைப் பெற ஃபேக்டரியில் எரர் லிஸனர் ஒன்றைப் பொருத்த வேண்டும். அதைச் செய்யாவிட்டால் விவரங்கள் பிழை வெளியீட்டுக்குப் போய்விடும். உங்கள் கைக்கு வரும் விதிவிலக்கில், கம்பைல் செய்ய முடியவில்லை என்ற பொதுவான செய்தி மட்டுமே இருக்கக்கூடும்.